உணவு வங்கியின் வரலாறு

விற்க முடியாமல் போனாலும் உண்ணத் தகுந்த நிலையில் இருக்கும் உணவுப் பொருள்களை ஆலைகள், கடைகள், பண்ணைகள் ஆகியவற்றிலிருந்து திரட்டிக் கிடங்கில் சேமித்து, தொண்டு அமைப்புகள் வழியாகப் பசித்தோரிடம் சேர்க்கும் நிறுவனமே உணவு வங்கி. இதன் முதல் வடிவம் 1967இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரான பீனிக்ஸில் தோன்றியது. இன்று பல நாடுகளில் இது இயங்குகிறது.

பசித்தவருக்குச் சோறிடுவது நமக்குப் புதிதல்ல. சத்திரங்கள் இருந்தன, கோயில் அன்னதானம் இருக்கிறது, பஞ்ச காலங்களில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். 1867 மே மாதம் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் இன்றும் உணவு வழங்கப்படுகிறது. ஆகவே உணவு வங்கியையும் அன்னசத்திரத்தின் வெளிநாட்டு வடிவம் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. ஆனால் இரண்டும் வேறு. தருமசாலையின் நடுவே இருப்பது அடுப்பு. யாரோ அரிசி தருகிறார்கள், அது சோறாகிறது, பசித்தவர் வந்து அமர்கிறார். உணவு வங்கியில் பெரும்பாலும் அடுப்பு கிடையாது. அங்கே இருப்பவை தட்டடுக்குகள், குளிர்பதன அறைகள், சரக்கு வண்டிகள், கணக்குப் பதிவேடுகள். அன்னதானம் பசித்தவரை முன்வைத்துத் தொடங்குகிறது. உணவு வங்கி மிஞ்சிப்போன சரக்கை முன்வைத்துத் தொடங்குகிறது. அதன் வெற்றிகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவை.

ஒரு தாய் சொன்ன யோசனை

உணவு வங்கியைத் தொடங்கிய ஜான் வான் ஹெங்கல் 1923இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரிப் படிப்புக்குப் பின் கலிபோர்னியா சென்று பல வேலைகள் பார்த்தார். மணமுறிவுக்குப் பிறகு சொந்த மாநிலம் திரும்பிக் கல் குவாரியில் வேலை செய்தார். அக்காலத்தில் ஏற்பட்ட காயத்தால் நடமாட்டம் பாதிக்கப்படவே, வெப்பமான ஊரில் உடல் தேறும் என்று பீனிக்ஸுக்கு வந்து சேர்ந்தார். அங்கே வின்சென்ட் தே பவுல் சபை ஏழைகளுக்காக நடத்திய உணவுக்கூடத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தார்.

பீனிக்ஸ் பாலைநிலத்து ஊர் என்றாலும் பாசன வசதியால் அதைச் சுற்றி ஆரஞ்சு முதலான பழமரங்கள் மிகுதி. பறிக்க ஆளின்றிப் பழங்கள் மரத்தடியிலேயே வீணாயின. வான் ஹெங்கல் ஒரு பழைய வண்டியில் தன்னார்வலர்களுடன் போய் அவற்றைப் பறித்து உணவுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களை ஏழைகள் பொறுக்கிக்கொள்ளும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சி இது. விவிலியத்து ரூத்தின் கதையில் வருவதும் அதே வழக்கம்தான். சீக்கிரத்திலேயே உணவுக்கூடம் சமாளிக்க முடியாத அளவுக்குப் பழங்கள் குவிந்தன. மிச்சத்தை எங்கே வைப்பது, யாருக்குக் கொடுப்பது என்பது புதிய சிக்கலாயிற்று.

இந்த நேரத்தில் அவர் ஒரு பெண்ணைச் சந்தித்தார். மளிகைக் கடைகளின் பின்புறம் உள்ள குப்பைத் தொட்டிகளைக் கிளறித் தன் பிள்ளைகளுக்கு உணவு தேடிக்கொண்டிருந்தவர் அவர். கடைகள் தூக்கி எறிவதை எறியாமல் ஓரிடத்தில் சேர்த்துவைத்தால், வங்கியில் பணத்தைப் போட்டு எடுப்பதைப்போல, தேவைப்பட்டவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாமே என்று அவர் சொன்னார். ‘வங்கி’ என்ற சொல் இப்படித்தான் வந்தது. வான் ஹெங்கலின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. யோசனையைச் சொன்னவர் பெரும்பாலான விவரிப்புகளில் ‘ஒரு தாய்’ என்று மட்டுமே வருகிறார்.

வான் ஹெங்கல் புனித மேரி பேராலயத்தை அணுகினார. ஆலயம் கைவிடப்பட்ட ரொட்டித் தயாரிப்புக் கட்டடம் ஒன்றையும் 3,000 டாலரையும் கொடுத்தது. நன்றியாக அதன் பெயரிலேயே ‘புனித மேரி உணவு வங்கி’ 1967இல் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 2,75,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 125 டன் உணவு அங்கிருந்து வெளியே போனது. வண்டியும் கிடங்கும் சில தன்னார்வலர்களும் மட்டும் இருந்த இடத்துக்கு இது பெரிய அளவு. உணவு அங்கே ஏற்கனவே இருந்தது, அதை நகர்த்த ஆள் இல்லாமல் இருந்தது என்பதையே இந்த எண் காட்டுகிறது.

கிடங்கும் கடையும்

அமெரிக்க வழக்கில் உணவு வங்கி என்பது மொத்த வியாபாரியின் கிடங்கைப் போன்றது. சில்லறைக் கடையின் இடத்தில் இருப்பவை சிறு வழங்குமையங்கள். தேவாலயத்தின் பின்னறை, பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், சமுதாயக் கூடம் என எங்கு வேண்டுமானாலும் அவை இருக்கும். ஓர் உணவு வங்கியிடமிருந்து நூற்றுக்கணக்கான மையங்கள் சரக்கு எடுப்பதுண்டு. பிரிட்டனிலும் கனடாவிலும் மக்கள் நேரடியாகப் பொருள் வாங்கும் இடத்தையே உணவு வங்கி என்று அழைக்கிறார்கள். செய்திகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வைக்காவிட்டால் எண்ணிக்கைகள் குழப்பும்.

கிடங்குக்கு வருவது என்ன? நசுங்கிய தகரக் குவளையில் அடைத்த பயறு, எழுத்துப் பிழையோடு அச்சான உறையில் உள்ள தானியம், பண்டிகை முடிந்தபின் விலைபோகாத பண்டிகைப் பொட்டலம், காலாவதித் தேதி நெருங்கிய பால், அளவிலோ வடிவிலோ கடைத்தரத்துக்குப் பொருந்தாத காய்கறி. இவற்றில் கெட்டுப்போனது எதுவும் இல்லை. சந்தை வேண்டாம் என்று ஒதுக்கியது மட்டுமே. அமெரிக்காவில் உற்பத்தியாகும் உணவில் 30 முதல் 40 விழுக்காடு வரை வீணாவதாக அந்நாட்டு வேளாண்மைத் துறை மதிப்பிடுகிறது. வரும் சரக்கைப் பிரித்து, தேதி பார்த்து, உடைந்ததை அகற்றி, பெட்டிகளில் அடுக்குவது தன்னார்வலர்களின் வேலை. இந்த வேலையில் கவனம் பிசகினால் நோய் வரும். அந்த அச்சத்தாலேயே பல நிறுவனங்கள் நெடுநாள் உணவைக் கொடுக்கத் தயங்கின. நல்லெண்ணத்துடன் உணவு வழங்கியவர்மீது, பெரும் அலட்சியம் இருந்தாலன்றி, வழக்குத் தொடர முடியாது என்று 1996 அக்டோபரில் அமெரிக்கா சட்டம் இயற்றியது. ‘நல்ல சமாரியர்’ என்ற விவிலிய உவமையின் பெயரைச் சட்டத்தின் தலைப்பிலேயே வைத்தார்கள்.

வழங்குமையங்களில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், முன்பே கட்டிவைத்த பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். மற்றொன்றில், கடையில் வாங்குவதைப்போல வருபவரே அலமாரியிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்வார். பெட்டி முறையில் வேலை சுலபம். ஆனால் நீரிழிவுக்காரருக்கு இனிப்புத் தானியமும், சமைக்க அடுப்பில்லாதவருக்கு உலர்ந்த மொச்சையும் போய்ச்சேரும். எடுத்துக்கொள்ளும் முறையில் வீண் குறைகிறது. கை நீட்டுகிறோம் என்ற கூச்சமும் ஓரளவு குறைகிறது.

வரிச் சலுகையும் பாலாடைக்கட்டியும்

பீனிக்ஸில் பிறந்த யோசனை நாடு முழுவதும் பரவியதற்கு நல்லெண்ணம் மட்டும் காரணமல்ல. 1976ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம், ஏழைகளுக்காகச் சரக்கை நன்கொடையாகத் தரும் நிறுவனங்களுக்குக் கூடுதல் வரிக் கழிவு அளித்தது. குப்பையில் கொட்டினால் அதற்கும் செலவு. கொடுத்தால் வரி மிச்சம். இந்தக் கணக்கு புரிந்ததும் பெரிய உணவு நிறுவனங்களின் வாசல்கள் திறந்தன. 1977க்குள் 18 நகரங்களில் உணவு வங்கிகள் தோன்றியிருந்தன. மற்ற நகரங்களுக்கு வழிகாட்ட வான் ஹெங்கல் அரசு மானியத்துடன் மேற்கொண்ட பணி, 1979இல் ‘செகண்ட் ஹார்வெஸ்ட்’ என்ற தேசிய அமைப்பாக உருவெடுத்தது. இரண்டாம் அறுவடை என்பது அதன் பொருள். பழம் பறித்த நாள்களை அப்பெயர் விட்டுவிடவில்லை. 2008இல் அது ‘ஃபீடிங் அமெரிக்கா’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று சுமார் 200 உணவு வங்கிகள் அதன் உறுப்பினர்கள்.

1980களின் தொடக்கம் இவ்வரலாற்றில் திருப்புமுனை. பொருளாதாரத் தேக்கத்தால் 1982இல் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தாண்டியது. அதே காலத்தில் ரேகன் அரசு உணவு முத்திரை உள்ளிட்ட நலத்திட்டச் செலவுகளை வெட்டியது. மறுபுறம், பால் விலை சரியாமல் காக்க அரசே வாங்கிச் சேர்த்த பாலாடைக்கட்டி மலையாகக் குவிந்திருந்தது. மிசௌரி மாநிலத்துச் சுண்ணாம்புப் பாறைக் குகைகளில்கூட அதைச் சேமித்தார்கள். பூசணம் பிடித்துக் கெடும் என்ற செய்தி வெளிவந்து கண்டனம் எழுந்ததும், 1981 டிசம்பரில் 3 கோடி பவுண்டு பாலாடைக்கட்டியை ஏழைகளுக்கு வழங்க ரேகன் ஒப்புதல் அளித்தார். யார் மூலம் வழங்குவது? உணவு வங்கிகளும் தேவாலயங்களும் தயாராக இருந்தன.

1983இல் இதற்கு ‘தற்காலிக அவசர உணவு உதவித் திட்டம்’ என்று சட்ட வடிவம் கொடுத்தார்கள். திட்டம் முடியவில்லை. 1990இல் பெயரிலிருந்து ‘தற்காலிக’ என்ற சொல்லை நீக்கினார்கள். ஆங்கிலச் சுருக்கப் பெயர் மாறக்கூடாது என்பதற்காக, அந்தச் சொல்லின் முதலெழுத்து நின்ற இடத்தில் வெறும் சுட்டுச் சொல் ஒன்றைப் போட்டு நிரப்பினார்கள். தற்காலிகம் நிரந்தரமான கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஏழைகளுக்கான ஏலம்

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசிய அமைப்புக்கு வேறொரு தலைவலி. சிகாகோவிலிருந்த தலைமையகத்துக்கு நிறுவனங்கள் லாரி லாரியாகச் சரக்கு தர முன்வந்தன. எந்த ஊருக்கு எதை அனுப்புவது? வரிசை முறையைப் பின்பற்றினார்கள். உங்கள் முறை வந்ததும் கிடைப்பதை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். போக்குவரத்துச் செலவு பெறுபவருடையது. உருளைக்கிழங்குக்குப் பெயர்போன ஐடஹோவுக்கு உருளைக்கிழங்கு போன கதையை இம்முறைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எந்த ஊரில் எது ஏற்கனவே குவிந்துகிடக்கிறது என்பது தலைமையகத்துக்குத் தெரியாது.

சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் கேனிஸ் பிரெண்டர்காஸ்டும் அவருடைய சக ஆசிரியர்களும் உணவு வங்கி நிர்வாகிகளோடு அமர்ந்து ஒரு தீர்வு கண்டார்கள். 2005இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் உணவு வங்கிக்கும், அதன் பகுதியில் உள்ள ஏழைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து, ‘பங்கு’ என்ற பொய்ப் பணம் ஒதுக்கப்படும். அந்தப் பணத்தை வேறெங்கும் செலவழிக்க முடியாது. நாளுக்கு இரண்டு முறை லாரிச் சரக்குகள் ஏலத்துக்கு வரும். யார் அதிகப் பங்கு கேட்கிறாரோ சரக்கு அவருக்கு. ஏலத்தில் செலவான பங்குகள் மீண்டும் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கப்படும். யாரும் விரும்பாத சரக்குக்கு எதிர்மறை விலையும் உண்டு, அதாவது அதை எடுத்துப்போகிறவருக்குப் பங்கு கூடும்.

தொண்டு நிறுவனத்தில் சந்தையா என்று முதலில் எதிர்ப்பு எழுந்தது இயல்பே. பணக்காரர் வெல்வதற்கென்றே ஆன ஏற்பாடு என்றுதான் ஏலத்தைப் பற்றி எல்லோரும் நினைக்கிறோம். இங்கே நடந்தது வேறு. உள்ளூரில் நிறைய நன்கொடை கிடைக்கும் ஊர்கள், நெடுநாள் கெடாத காலைத் தானியம், பாஸ்தா போன்றவற்றுக்காகத் தங்கள் பங்குகளைச் சேர்த்துவைத்தன. நன்கொடை குறைந்த ஊர்கள், குறைந்த பங்குகளுக்குக் கிடைத்த காய்கறிகளை மிகுதியாக எடுத்துத் தங்கள் கிடங்கை நிரப்பின. சிறிய வங்கிகள் கடன் வாங்கவும் கூட்டாக ஏலம் கேட்கவும் வழி வைத்திருந்தார்கள். சரக்கு தேங்காமல் உடனே எடுக்கப்படுவதைக் கண்ட நிறுவனங்கள் கூடுதலாகத் தர முன்வந்தன. தொண்டுக்குள் கணக்குத் துல்லியம் வந்தால் இரக்கம் குறைந்துவிடும் என்ற அச்சம் இங்கே பொய்த்தது. ஏலம் தொடங்கிய அதே 2005இல் வான் ஹெங்கல் காலமானார்.

கடல் கடந்தபோது

கனடாவின் முதல் உணவு வங்கி 1981இல் எட்மன்டனில் திறக்கப்பட்டது. நெருக்கடி தீரும்வரைக்கான ஏற்பாடாகவே அதைக் கருதினார்கள். பிரான்சில் 1984இல் முதல் வங்கி தோன்றியது. பிரிட்டனில் இது தாமதமாகவே வந்தது. பல்கேரியாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவ 1997இல் ஒரு தம்பதி தொடங்கிய டிரசல் டிரஸ்ட், சொந்த ஊரான சால்ஸ்பரியிலேயே பிள்ளைகள் பசியோடு உறங்கப்போவதைக் கேள்விப்பட்டு 2000இல் அங்கே உணவு வங்கியை ஏற்படுத்தியது. தொடக்கம் அவர்கள் வீட்டுத் தோட்டக் கொட்டகையில்தான். மருத்துவர், ஆசிரியர், சமூகநலப் பணியாளர் போன்ற ஒருவர் கொடுக்கும் சீட்டைக் கொண்டுவந்தால் மூன்று நாளுக்கான உணவு கிடைக்கும் என்பது அங்குள்ள முறை. 2008-09இல் ஏறத்தாழ 26,000 பேர் அவர்களிடம் உதவி பெற்றனர். 2023-24இல் அந்த அமைப்பு வழங்கிய பொட்டலங்கள் 31 லட்சத்தைத் தாண்டின. 2016இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்ற கென் லோச்சின் ‘ஐ, டேனியல் பிளேக்’ படத்தில் ஓர் இளம் தாய் உணவு வங்கிக்குள்ளேயே தகரக் குவளையைத் திறந்து கையால் அள்ளி உண்ணும் காட்சி வரும். பிரிட்டனில் பலருக்கு இந்த நிறுவனம் அறிமுகமானது அந்தக் காட்சி வழியாகத்தான்.

கனடாவில் 2024 மார்ச் மாதத்தில் மட்டும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட முறை மக்கள் உணவு வங்கிகளை நாடினார்கள். 2019ஆம் ஆண்டின் அதே மாதத்தைவிட இது ஏறத்தாழ இரு மடங்கு. வேலையில் இருப்பவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். இந்தியாவிலிருந்து படிக்கச் சென்ற மாணவர்கள் உணவு வங்கிக்கு வரலாமா என்ற சர்ச்சையும் அங்கே எழுந்தது. கட்டணமும் வாடகையும் கட்டியபின் கையில் எதுவும் மிஞ்சாத மாணவரின் பசி பசிதானா இல்லையா என்பதே அந்தச் சர்ச்சையின் சாரம்.

எதிர்ப்புக் குரல்கள்

உணவு வங்கிகளைக் கண்டிப்பவர்கள் பசித்தவருக்கு உணவு தரக்கூடாது என்று சொல்லவில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேனட் பாப்பென்டிக் 1998இல் வெளியிட்ட ‘ஸ்வீட் சாரிட்டி?’ என்ற நூலின் வாதம் இதுதான்: கொடுப்பவருக்கு நிறைவு, நிறுவனத்துக்கு நற்பெயர், அரசியல்வாதிக்குப் பொறுப்பிலிருந்து விடுதலை; இத்தனை பேருக்கு நன்மை தருவதால் இந்த ஏற்பாடு நிலைத்துவிடுகிறது, வறுமை என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. கனடாவில் கிரஹாம் ரிச்சஸ் 1986இலேயே இதை ஒட்டிய வாதத்தை எழுப்பினார். உணவு வங்கி ஒரு பெட்டி தரும்போது அரசின் உணவு உதவித் திட்டம் ஒன்பது பெட்டிக்கு ஈடானதைத் தருகிறது என்பது ஃபீடிங் அமெரிக்காவே சொல்லும் கணக்கு. 2023இல் அமெரிக்கக் குடும்பங்களில் 13.5 விழுக்காடு உணவு உறுதியற்ற நிலையில் இருந்தன.

கண்டனத்தின் உண்மை 2020இல் வெளிப்பட்டது. ஏப்ரல் 9 அன்று டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் உணவு வங்கி நடத்திய வழங்கலுக்குச் சுமார் 10,000 குடும்பங்கள் கார்களில் வந்து காத்திருந்தன. அந்த நாள்களில்தான் பள்ளிகளும் உணவகங்களும் மூடியதால் வாங்க ஆளில்லாமல் பண்ணையாளர்கள் பாலைத் தரையில் கொட்டினார்கள். கடைகளில் மக்கள் அலமாரிகளைக் காலி செய்துவிட்டதால் உணவு வங்கிக்கு வழக்கமாக வரும் மிச்சச் சரக்கும் குறைந்தது. தேவை உச்சத்தில் இருந்தபோது வரத்து இறங்கியது. மிஞ்சியதை நம்பி நடக்கும் ஏற்பாட்டில் இது தற்செயல் அல்ல. வங்கிகள் பணம் கொடுத்து உணவு வாங்கியும் அரசு கொள்முதலை நம்பியும்தான் அந்த ஆண்டைக் கடந்தன. அந்தக் கார் வரிசையில் நின்றவருக்கோ இந்த வாதங்கள் எதுவும் பொருட்டல்ல. அன்று இரவு வீட்டில் உலை கொதித்ததா என்பதே பொருட்டு. எனவே கண்டனத்தை ஏற்றுக்கொண்டும் உணவு வங்கி வேண்டும் என்று சொல்வதில் முரண் இல்லை என்றே தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் ஏன் இல்லை

பீனிக்ஸில் கிடங்கு திறந்த அதே 1967இல் சென்னையிலும் கோவையிலும் அண்ணா அரசு ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, ஆண்டு ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தது. அங்கே சந்தை ஒதுக்கியதைத் தொண்டர்கள் சேர்த்தார்கள். இங்கே அரசு நெல்லைக் கொள்முதல் செய்து நியாயவிலைக் கடையில் வைத்தது. குடும்ப அட்டை உள்ளவர் அரிசியைக் கேட்டு வாங்குகிறார். யாருடைய மிச்சத்தையும் எதிர்பார்க்கவில்லை. 2011 முதல் அந்த அரிசி விலையின்றியே கிடைக்கிறது. கடையில் எடைக் குறைவு, தரக் குறைவு பற்றிப் புகார்கள் உண்டு. ஆனால் புகார் சொல்ல முடிகிறது என்பதே ஒரு வேறுபாடு. இலவசப் பெட்டி பெற்றவர் பெரும்பாலும் புகார் சொல்வதில்லை. அமெரிக்க வகைக் கிடங்குகள் இங்கே பெருகாததற்கு நியாயவிலைக் கடை ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

மற்றொரு காரணம், இங்கே மிஞ்சுவது பெரும்பாலும் பொட்டலச் சரக்கு அல்ல, சமைத்த உணவு. கல்யாண மண்டபத்தில் 800 பேருக்குச் சமைத்து 600 பேர் வந்தால், மீதிச் சாம்பார்சாதத்துக்குச் சில மணி நேரமே ஆயுள். அதைக் கிடங்கில் அடுக்க முடியாது. 2014இல் கோவையில் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு இதனால்தான் கிடங்குக்குப் பதிலாகத் தொலைபேசியையும் வண்டியையும் நம்பி வளர்ந்தது. மண்டபத்திலிருந்து அழைப்பு வரும், தன்னார்வலர்கள் போய் உணவைச் சோதித்துப் பாத்திரங்களில் எடுப்பார்கள், அன்றே தேவைப்பட்டவர்களிடம் சேர்ப்பார்கள். மிஞ்சிய உணவைத் திரட்டி வழங்குவதற்கான விதிமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வெளியிட்டது. வான் ஹெங்கலுக்கு ஆரஞ்சுப் பருவம் எப்படியோ, இவர்களுக்கு முகூர்த்த நாள்கள் அப்படி. தை, வைகாசி மாதங்களில் ஒரே இரவில் பல மண்டபங்களிலிருந்து அழைப்பு வரும். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும்.